காத்தாடி நிற்கலாம், லாரி நிற்கக் கூடாதா?

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)

பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் செயலாளர் கேட்டபோது, "கவிதை வேண்டாம்பா, எண்பது கவிதை வந்து கிடக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கும் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது லாரி. என் சித்தப்பா இருபத்தி இரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். அதனால் லாரியைப் பற்றியும், அதை ஒரு ராத்திரி புரட்டிப் போட்ட காற்றைப் பற்றியும் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்' என்று எல்லோரும் சொல்கிறோம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தவரை அம்மி பறக்காது! அம்மியின் பக்கவாட்டில் காற்று படும் இடம் ஒரு சதுர அடிகூட வராது. ஆனால் ஆறரை டன் எடையுள்ள டிரெய்லர், காலியாக இருந்தால், ஆடிக்காற்றில் படுத்துவிடும். படுத்ததை நான் நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன்.

2016-ஆம் வருஷம், ஆடி மாதம். சித்தப்பா ஓட்டியது பக்கவாட்டில் பலகைக்குப் பதில் படுதா தொங்கும் டிரெய்லர். உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். மேலே கூரை, முன்னும் பின்னும் தடுப்பு, இரண்டு பக்கமும் பி.வி.சி. பூசின கெட்டிப் படுதா. மேலே தண்டவாளம் மாதிரி ஒரு பாதையில் உருளைகள் ஓடும். ஜன்னல் திரை மாதிரி இழுத்துவிட்டால் மொத்தப் பக்கமும் திறந்துகொள்ளும். ஃபோர்க் லிஃப்ட் பக்கவாட்டிலிருந்தே சரக்கை எடுத்துவிடும். கீழே வரிசையாகப் பட்டைகள், கொக்கிகள். இந்த யோசனையை 1969-இல் இங்கிலாந்தில் போஅலாய் என்ற கம்பெனி 'டாட்லைனர்' என்ற பெயரில் கொண்டுவந்தது. ஐரோப்பா முழுக்க ரோட்டில் ஓடுவதில் பெரும்பங்கு இன்று இந்த வகைதான். நம் ஊரில் இன்னும் கம்மி. இங்கே தார்ப்பாயும் கயிறும், இல்லாவிட்டால் தகரக் கூண்டும்தான் ராஜா. ஆனால் காற்றுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. உயரமான பக்கம் கிடைத்தால் அடிக்கும்.

சித்தப்பா திருவனந்தபுரத்தில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் இறக்கிவிட்டு 'எம்ட்டி'யாகத் திரும்பினார். கேரளாவுக்குப் போகிற வண்டிகளில் பல இப்படித்தான் காலியாகத் திரும்பும். விடியறதுக்குள் தூத்துக்குடியில் அடுத்த லோடு ஏற்றணும். நாகர்கோவில், தோவாளை, ஆரல்வாய்மொழி என்று வந்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கணும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப் போகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடுக்கு வழியாகப் பிதுங்கிக்கொண்டு கிழக்கே வரும். அகலமான வாய்க்கால் குறுகினால் தண்ணீர் வேகமெடுக்கும் என்று ஹைட்ராலிக்ஸில் படித்தோமே, அதேதான். அதனால்தான் முப்பந்தலில் அத்தனை காத்தாடிகள். நாகர்கோவிலிலிருந்து வருகிற ரோடு கணவாய்க்குள் கிழக்கும் வடகிழக்குமாகப் போகும். காற்று பெரும்பாலும் முதுகில் தள்ளும். டிரைவருக்கு சுகமாக இருக்கும், டீசல்கூட மிச்சம். காவல்கிணறு விலக்கு வந்து வண்டி வடக்கே பணகுடிப் பக்கம் திரும்பினதும், அதுவரை முதுகைத் தடவிக் கொடுத்த அதே காற்று இடது விலாவில் அடிக்கும். இடமிருந்து தள்ளினால் வண்டி வலது பக்கம், நடுத்தடுப்பை நோக்கிப் போகும். எதிர்த் திசையில் வருகிறவனுக்கு வலது விலா. அவனை ரோட்டோரப் பள்ளத்தைப் பார்த்துத் தள்ளும்.

சித்தப்பா முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் நிறுத்தினார். அந்த வழியில் அநேகமாக எல்லா டிரைவரும் நிறுத்துவதுதான். சாமி கும்பிட்டு இறங்கியவருக்கு காற்றில் சட்டை நிற்கவில்லை. 'கொஞ்சம் அடங்கட்டும்' என்று வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார். நாற்பது நிமிஷம். போன் அடித்தது. ஜி.பி.எஸ்.ஸில் பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் கேட்டது: "என்ன, வண்டி நிக்குது? தூங்குறீங்களா?" காத்து என்று சொன்னார். "ஆடி மாசம் காத்து அடிக்காம பின்ன என்ன பண்ணும்? எடுங்க."

எடுத்தார்.

மீதியை சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். விலக்கு தாண்டி ஒரு மேம்பாலக் கரையின் மறைவிலிருந்து வெளியே வந்ததும் அடித்தது. இடது படுதாவின் கீழ்க் கொக்கிகளில் நாலு ஏற்கெனவே போயிருந்தது. மாற்றித் தரச்சொல்லி இரண்டு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்து, வலது படுதாவை உள்ளிருந்து பலூன் மாதிரி ஊதிவிட்டது. டிரெய்லர் சாய்ந்தது, அது இழுத்த இழுப்பில் முன்வண்டியும் சாய்ந்தது. சித்தப்பாவுக்குக் காறை எலும்பு முறிவு. கிளீனர் பையனுக்குக் கன்னத்தில் எட்டுத் தையல். எதிரில் யாரும் வராதது புண்ணியம்.

காவல் நிலையத்தில் எழுதினது 'அஜாக்கிரதையாகவும் அதிவேகமாகவும் ஓட்டி'. அன்றைக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 279-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281-ஆம் பிரிவு. நம்பர் மாறியிருக்கிறது, வாசகம் அப்படியேதான். முதலாளி மூன்று மாச பேட்டாவைப் பிடித்துக்கொண்டார்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு நண்பன், "உங்க சித்தப்பா மேலயும் தப்பு இருக்குல்ல?" என்றான். இருக்கிறது. அவரே ஒப்புக்கொண்டார், அறுபதில் போனாராம். "காலி வண்டிதானேன்னு நெனச்சேன்" என்றார். இந்த 'காலி வண்டிதானே' என்ற நினைப்புதான் ஆளைக் கொல்லுகிறது. ஆகவே கணக்கைப் பார்ப்போம். நம் பாலிடெக்னிக் மலரில் ஒரு கணக்காவது வரட்டும்!

பன்னிரண்டு மீட்டர் நீள டிரெய்லர், படுதாவின் உயரம் 2.6 மீட்டர். பரப்பு 31 சதுர மீட்டர் சொச்சம், ஒரு சின்ன வீட்டின் தளம் அளவு. காற்று நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 240 நியூட்டன். தட்டையான பெட்டி என்பதால் குணகம் 1.2 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் பக்கவாட்டுத் தள்ளு ஏறத்தாழ 900 கிலோ. அதே காற்று 30 மீட்டருக்குப் போனால் ஆயிரத்து முந்நூற்றைம்பது என்று நினைப்பீர்கள். இல்லை, இரண்டு டன்னைத் தாண்டும். வேகம் ஒன்றரை மடங்கு, பலம் இரண்டேகால் மடங்கு. சராசரிக் காற்று 20 மீட்டர் என்றால் இடையிடையே வரும் வீச்சு அதைவிட நாற்பது சதவீதம் கூடுவது சாதாரணம். டிரைவரைச் சாய்ப்பது சராசரி அல்ல, அந்த ஒரு வீச்சுதான்.

அந்த இரண்டு டன் தள்ளும் இடம் ரோட்டிலிருந்து 2.7 மீட்டர் உயரத்தில். சாய்க்கும் திருப்பம் ஐந்தரை டன்-மீட்டர். பிடித்து நிறுத்துவது எது? டிரெய்லரின் சொந்த எடை ஆறரை டன், சக்கரத்து ஓரம்வரை சுமார் ஒரு மீட்டர். ஆக ஆறரை. முன்வண்டி கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் ஸ்பிரிங் சாயும், கூரை தூக்கும், படுதா ஊதும், டிரைவர் பதற்றத்தில் ஸ்டியரிங்கை வெட்டுவார். மிச்சமிருக்கும் ஒரு டன்-மீட்டர் எந்த மூலைக்கு? இதே வண்டியில் 25 டன் சரக்கு இருந்தால் பிடிமானம் முப்பதைத் தாண்டிவிடும், காற்று தோற்றுவிடும். லோடு வண்டி காற்றில் அசையும், எம்ட்டி வண்டிதான் படுக்கும். வைக்கோல், கயிற்று நார், காலிப் பெட்டி மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டு எடையில்லாத லோடும் எம்ட்டிக்குச் சமம்தான். சொல்லப்போனால் அதைவிட மோசம், உயரம் இன்னும் கூடும்.

வேகம்? அறுபதில் போகிற வண்டிக்கு எதிர்காற்று தானாகவே நொடிக்கு 16.7 மீட்டர் உண்டாகிறது. பக்கத்திலிருந்து 20. இரண்டும் சேர்ந்து வண்டி உணருவது 26 மீட்டர். முப்பதில் போனால் 21.7 தான். வர்க்கம் பண்ணிப் பாருங்கள், கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைகிறது. பிரேக்கைத் தொடாமல், காலை எடுத்து வேகத்தைக் குறைத்தாலே காற்றின் பலத்தில் முப்பது சதவீதம் போச்சு! இதைச் சித்தப்பாவுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இத எனக்கு லைசென்ஸ் எடுக்கும்போது எவம்ல சொல்லித் தந்தான்?" என்றார்.

யாரும் சொல்லித் தரவில்லை. அது ஒரு குறை. காலி வண்டியில் இரண்டு பக்கப் படுதாவையும் முழுக்க இழுத்து, முன்பக்கத்தில் சுருட்டி, பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டால் காற்று இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் திறப்பது தற்கொலை. அது பாய்மரம் விரிப்பது. இரண்டும் திற, இல்லையா இரண்டும் இறுக்கு. அரைகுறையாகக் கட்டினாலும் படுதா அவிழ்ந்து அடித்துக் கூரைச் சட்டத்தையே பிய்க்கும். பஸ்ஸை ஓவர்டேக் பண்ணும்போது அதன் மறைவில் காற்று திடீரென்று நிற்கும். அதுவரை காற்றுக்கு எதிராக ஒடித்துப் பிடித்திருந்த ஸ்டியரிங் வண்டியை அந்தப் பக்கமே இழுத்துவிடும். பஸ்ஸைத் தாண்டியதும் மறுபடி அறை. மலை வெட்டு, மேம்பாலக் கரை எல்லாம் இதே விளையாட்டுதான். காலி டிரெய்லரில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் தனியாகப் போகும். நிறுத்துவதானால் மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தணும், விலாவை அல்ல. இவ்வளவுதான் பாடம். ஒரு பீரியட் போதும்.

ஆனால் என் கட்டுரை பாடம் நடத்த அல்ல. இத்தனையும் தெரிந்த டிரைவருக்கும் தெரிந்த ஒரே உருப்படியான வழி, நிறுத்துவது. சித்தப்பா நிறுத்தினார். நிறுத்தின இடத்திலிருந்து அவரைக் கிளப்பினது யார் என்பதுதான் என் கேள்வி.

முப்பந்தலில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு காத்தாடியின் உச்சந்தலையிலும் காற்றுமானி சுற்றுகிறது. காற்று நொடிக்கு 25 மீட்டரைத் தொட்டால், பெரும்பாலான காத்தாடிகள் இறக்கையைத் திருப்பிக்கொண்டு தானாக நின்றுவிடும். யாரும் அதற்குப் போன் பண்ணி 'தூங்குறியா?' என்று கேட்பதில்லை. கோடி ரூபாய் இயந்திரம், உடைந்தால் நஷ்டம். அதனால் அதற்கு நிற்கிற உரிமை இருக்கிறது. நூற்றுக்கணக்கான காற்றுமானிகள் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ராத்திரி பகலாகக் காற்றை அளந்துகொண்டிருக்க, அவற்றின் கீழே போகிற டிரைவருக்கு அன்று ஒரு நம்பரைக்கூட யாரும் காட்டவில்லை.

காத்தாடியை விடுங்கள். ரயிலைப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி ரயிலும் என்ன ஆயின என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிற்காலத்தில் அந்தப் பழைய பாலத்தில் காற்றுமானி வைத்தார்கள். மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். ரயில் நின்றது என்பதற்காக எந்த ஓட்டுநரின் பேட்டாவையும் பிடிக்கவில்லை. நிறுத்தினது சிக்னல் அல்லவா!

வெளிநாட்டுக் கதை ஒன்று. ஸ்காட்லாந்தில் ஃபோர்த் ரோடு பாலத்தில் காற்று கூடினால் உயரமான வண்டிகளுக்குத் தடை போட்டுவிடுவார்கள். 2017 ஜனவரியில் தடை இருக்கும்போதே ஏறின ஒரு லாரி கவிழ்ந்து, பாலம் அன்று வெகுநேரம் மூடிக் கிடந்தது. அந்த டிரைவரைக் குற்றம் சொன்னார்கள், சொல்லலாம். பலகை இருந்தது, மீறினார். அதே வருஷம் ஆகஸ்டில் பக்கத்திலேயே திறந்த குவீன்ஸ்ஃபெரி பாலத்தில் இரண்டு ஓரமும் காற்றுத் தடுப்பு வைத்தே கட்டினார்கள். டிரைவரை நம்பி மட்டும் விடவில்லை. பலகையே வைக்காத இடத்தில் 'அஜாக்கிரதை' என்று எழுத நமக்கு மட்டும் எப்படிக் கை வருகிறது?

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் காட்டினார். 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் 113-ஆம் பிரிவில், அதிக பாரம் ஏற்றின வண்டியை ஓட்டினவர் முதலாளி அல்ல, வேறு ஆள் என்றால், அது முதலாளிக்குத் தெரிந்தோ அவர் உத்தரவின் பேரிலோ நடந்தது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். நல்ல பிரிவு. பாரம் கூடினால் முதலாளி வருகிறார். பாரமே இல்லாமல் காற்றில் அனுப்பினாலும் அதே ஊகம் வரவேண்டும் என்பது என் கருத்து. நின்ற வண்டியைக் கிளப்பச் சொன்ன போன் ரெக்கார்டு இருக்கிறது, நின்ற நேரம் ஜி.பி.எஸ்.ஸில் இருக்கிறது. டிரைவரை வேவு பார்க்க வைத்த பெட்டி டிரைவருக்குச் சாட்சியாகவும் வரட்டுமே!

முதலாளிகளைப் பற்றியும் நியாயமாகச் சொல்லணும். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்து வட்டி கட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு ராத்திரி நின்றால் லோடு கைமாறிவிடும். அவருக்குப் பின்னால் சரக்குக்காரர், 'காலை ஆறு மணிக்கு வண்டி வரலேன்னா வாடகையில் பிடிப்பேன்' என்று உட்கார்ந்திருப்பார். ஆகவே லோடு சீட்டிலேயே 'காற்று நிறுத்தம்' என்று ஒரு வரி அச்சடிக்கணும். காற்று இத்தனைக்கு மேல் இருந்தால் நிற்கும் நேரத்துக்குப் பிடித்தம் கிடையாது, டிரைவருக்கு ஹால்ட் பேட்டா உண்டு என்று. கடலோரத் துறைமுகத்தில் காற்று கூடினால் கிரேனை நிறுத்துகிறார்கள், கப்பல்காரன் காத்திருக்கிறான். ரோட்டுக்கு வந்ததும் மட்டும் காற்று ஒரு சாக்குப்போக்காகிவிடுகிறது.

இப்போது நம் விஷயம். கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு நாங்கள் நாலு பேர் எடுத்திருப்பது ரோட்டோரக் காற்றுப் பலகை. பிளாஸ்டிக் கிண்ணம் மூன்று, பேரிங் ஒன்று, ஒரு காந்தம், ஒரு ரீட் சுவிட்ச். கிண்ணம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு துடிப்பு. எண்ணி வேகமாக மாற்றி எல்.இ.டி. பலகையில் காட்டும். ஐம்பதைத் தாண்டினால் மஞ்சள், அறுபதைத் தாண்டினால் சிவப்பு. எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் உதவியில் மாதிரி ஒன்று ஹாஸ்டல் மொட்டைமாடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் கிண்ணங்கள் ஒரே வாரத்தில் பிய்த்துக்கொண்டு மெஸ் ஓட்டில் போய் விழுந்தன என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ரோட்டோரத்தில் வைக்க அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பேரவை சார்பில் ஒரு கடிதம் போனால் நன்றாக இருக்கும். செயலாளர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

சித்தப்பா இப்போது லாரி ஓட்டுவதில்லை. தோள் சரியாகத் தூக்க வராது. வள்ளியூரில் ஒரு எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் ஹாஸ்டலுக்கு வந்தவரை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டினேன். நாலு அங்குல எழுத்தில் 31 என்று ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது யாருக்குல?"

"டிரைவருக்குத்தான் சித்தப்பா."

"டிரைவருக்கு எதுக்கு? அவனுக்குத்தான் ஸ்டியரிங்லயே தெரியுமே. இதுல நம்பரப் பெருசாப் போடு. அவன் வண்டிய ஓரங்கட்டிட்டு, போன்ல ஒரு போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பணும். ராத்திரி எடுத்தாலும் நம்பர் தெளிவா விழணும், பார்த்துக்க."

எழுத்தைப் பன்னிரண்டு அங்குலமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.